காருக்கு நாடி பார்த்த கதை

வீட்டிலே கட்டி நிற்கும் பசுவுக்கு நோய் வந்தால் அது வாய்திறந்து சொல்லாது. இக்காலத்துக் காருக்கு நோய் வந்தால் அது சொல்லும். ஆனால் ஒரேயொரு சொல்லையே சொல்லும். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே, வேகமானி இருக்கும் தட்டிலே, எஞ்சின் உருவங் கொண்ட சிறு விளக்கொன்று மஞ்சளாக எரியும். தலையிடியா, காய்ச்சலா, மாரடைப்பா என்பதெல்லாம் அவ்விளக்கிலிருந்து தெரியவராது. கார் வைத்திருக்கும் குடும்பங்களில் இதனைக் கண்டு கதிகலங்குவோர் ஒரு சாரார். அதன்மேல் ஒரு துண்டுக் கறுப்புத்தாளை ஒட்டி மறைத்துவிட்டு நிம்மதியாக ஓடித்திரிவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் நாம் எமது ஊரிலேயே கண்டிருக்கின்றோம். இருவருக்கும் பயன்படலாமென எண்ணியே எமக்கு நேர்ந்ததை இங்கு எழுதுகின்றோம்.

எமது கார் 2004 ஆம் ஆண்டில் ஜப்பானிலே செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், 1500 சீசீ. ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. இதனை விற்றுவிட்டுப் புதிதொன்று வாங்கலாமே என்று வாசகர் நினைக்கக்கூடும். 2020 மார்ச்சிலே எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்தாண்டிற் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தையும், வழி திறந்தபின் புதிய கார்களின்மேல் விழுந்த வரியையும் அறிந்தவர்கள், ஓர் ஆசிரியன் தன் பழைய காரை ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றான் என்று கேட்கமாட்டார்கள். மேலும், எமது தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. இருதயம் பலவீனம். மாதந்தோறும் நெல்லியடிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸின் மிதிபலகையில் ஏற அவராலே முடியாது. ஆகவே அந்தக் கார் எமக்கு ஆடம்பரப் பொருளன்று.

கடந்த ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஒரு காலைப்பொழுதிலே, கார் நோயை வெளிக்காட்டிற்று. சில நாட்களாகவே சந்திகளில் நிறுத்தும்போது எஞ்சின் இலேசாக உதறுவதை நாம் கவனித்திருந்தோம். அன்று அந்த உதறல் ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்திருந்த கைவரை ஏறிற்று. மஞ்சள் விளக்கும் எரிந்தது. வல்லைப் பாலத்தைத் தாண்டி வெளியிலே சற்று வேகங் கொடுத்தபோது, எரிந்துகொண்டிருந்த விளக்கு கண்சிமிட்டத் தொடங்கிற்று. பின்னாலிருந்த தாயார், “தம்பி, கார் நடுங்குதடா. எனக்கு வந்த வருத்தம் அதுக்கும் வந்திட்டுதோ?” என்றார். அவர் பகடியாகச் சொன்னார். எமக்கோ சிரிப்பு வரவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். விளக்குகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. எண்ணெய்க் குடுவை உருவில் சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் அழுத்தம் இல்லை என்பது பொருள். அக்கணமே ஓரங்கட்டி நிறுத்தவேண்டும். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் நாலைந்து நாட்களுக்குள் பார்ப்பிக்கலாம். அதே மஞ்சள் விளக்கு கண்சிமிட்டினால் செய்தி வேறு. ஏதோவொரு சிலிண்டரில் எரியவேண்டிய பெற்றோல் எரியாமற் போகின்றது என்றும், அது புகைக்குழாய்க்குள் இறங்கி ஆங்குள்ள ஊக்கிப் பெட்டியைச் சுட்டழிக்கக்கூடும் என்றும் கார் எச்சரிக்கின்றது. அப்பெட்டிக்குள்ளே தேன்வதை போன்ற மட்பாண்டக் கட்டியொன்று உண்டு. அதன்மேற் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் என்னும் அரிய உலோகங்கள் மிக மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். எரியாத பெற்றோல் அங்கு சென்று பற்றினால் அக்கட்டி உருகிவிடும். எஞ்சினைத் திருத்துவதினும் பன்மடங்கு செலவு அதனாலே வந்துசேரும். எனவே நாம் வேகத்தைக் குறைத்தோம். குறைத்ததும் சிமிட்டல் நின்றது. அச்சுவேலி வரை மெல்ல உருட்டிச்சென்று, அங்கே தாயாரை ஓட்டோவில் ஏற்றி மகனைத் துணைக்கனுப்பினோம்.

அடுத்த நாள் பட்டணத்திலே பெயர்பெற்ற ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுசென்றோம். பெயர் வேண்டாம். முதலாளி பொனெற்றைத் திறக்கவில்லை. வெளியே நின்று ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “எஞ்சின் முடிஞ்சுது மாஸ்ரர். இறக்கிப்போட்டு வேறை ஒண்டு போடவேணும்” என்றார். எவ்வளவு முடியுமென்று கேட்டோம். நான்கு இலட்சத்துக்கு மேலே என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறி விடைபெற்றோம்.

காதுகொடுத்துக் கேட்பதை நாம் இகழவில்லை. 1990களின் முற்பகுதியில், பெற்றோல் குடாநாட்டுக்கு வராதிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எமது தலைமுறையினர் மறக்கமாட்டார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்நாளில் நாம் பள்ளிச் சிறுவர். எமது ஒழுங்கையில் ஒஸ்ரின் ஏ-40 வாடகைக் கார் வைத்திருந்த முதியவரொருவர், எஞ்சின் உதறத் தொடங்கினால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். ஒரு வயரைக் கழற்றியதும் எஞ்சின் இன்னும் மோசமாக உதறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கின்றது. கழற்றியும் சத்தத்தில் மாற்றமேதும் இல்லையெனில் அதுவே ஊமைச் சிலிண்டர். மலையிலே புகையைக் கண்டு தீயுண்டென அறிவதைத் தருக்கநூலார் அனுமானத்துக்கு உதாரணமாகக் காட்டுவர். அந்த முதியவர் தருக்கம் கற்றவரல்லர். ஆயினும் அவர் செய்தது தருக்கமே. காதாலே கேட்டார், கேட்டதைச் சோதித்தும் பார்த்தார். பட்டணத்து முதலாளியிடம் இருந்தது காது மாத்திரமே.

நெல்லியடிக்கு அண்மையில் தகரக் கொட்டிலொன்றிலே கராஜ் நடத்தும் இளைஞர் ஒருவர் எமது பழைய மாணவர். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிலுக்குப் போனவர். இன்று இரண்டு பையன்களுக்குத் தொழில் பழக்குகின்றார். “விடுங்கோ சேர், முதல்ல அது என்ன சொல்லுதெண்டு கேப்பம்” என்றார். ஸ்ரியறிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பதினாறு ஊசிகள் கொள்ளும் ஒரு செருகுவாய் இருக்கின்றது. அதிலே உள்ளங்கையளவான ஸ்கானர் கருவியைச் செருகினார். திரையிலே எழுந்தது ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும்: பீ-0302.

இவ்வெண்ணை வாசிப்பது கடினமன்று. பீ என்பது எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த சுழியம், எல்லாக் கார்களுக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டும். மூன்று என்பது எரிபற்றலைப் பற்றியது. இறுதி இரண்டு இலக்கமும் சிலிண்டரின் எண். இரண்டாஞ் சிலிண்டர் எரியாமல் தவறுகின்றது என்பதே கார் சொன்ன முழு வாக்கியம். எஞ்சினுக்குள் எட்டிப் பாராமலே கணினி இதனை எவ்வாறு அறிந்தது என மகன் கேட்டான். அவன் உயர்தரத்திலே பௌதிகவியல் படிப்பவன். விடை அழகானது. கிராங்க் தண்டோடு சேர்ந்து பல்வட்டமொன்று சுழல்கின்றது. அதன் பற்கள் கடந்துபோகும் நேரத்தை ஓர் உணரி இடைவிடாது அளந்துகொண்டிருக்கின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 700 முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 350 முறை, அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய ஆறு முறை எரிகின்றது. ஒவ்வோர் எரிதலும் தண்டை ஒரு சிறிது முன்தள்ளும். இரண்டாஞ் சிலிண்டரின் முறை வரும்போது அத்தள்ளல் இல்லையாயின் பற்கள் கணநேரம் பிந்தும். அந்தப் பிந்தலைக் கணினி எண்ணிக்கொள்கின்றது. ஒழுங்கை முதியவர் வயரைக் கழற்றிக் கண்டதை இது வயரைத் தொடாமலே கண்டுவிடுகின்றது.

இந்த விளக்கு யாருக்காக வைக்கப்பட்டது என்பதும் அறியத்தக்கது. கார்ச் சொந்தக்காரரின் வசதிக்காக என்றே பலரும் எண்ணுவர். அது அப்படியன்று. அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கண்ணை எரிக்கும் புகைமூட்டத்தால் வருந்தியபோது, ஹொலந்து நாட்டிற் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மிற் என்னும் இரசாயனவியலார் 1950களின் தொடக்கத்தில் அதன் மூலத்தைக் கண்டறிந்தார். அவர் அன்னாசிப்பழத்தின் வாசனை எப்பொருட்களால் ஆனது என ஆராய்ந்துகொண்டிருந்தவர்! கார்களிலிருந்து வெளிவரும் ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் சூரிய ஒளியிலே கூடி அம்மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். பின்னர் கலிபோர்ணியாவிலே காற்றைக் காக்கும் சபை அமைந்தபோது அவரே அதன் முதற் றலைவரானார். அச்சபை விதித்த விதிகளிலிருந்து பிறந்ததே இந்த விளக்கும் பதினாறு ஊசிச் செருகுவாயும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களுக்கெல்லாம் இம்முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவிலே பெற்றோல் கார்களுக்கு 2001 முதல். ஊரார் சுவாசிக்கும் காற்றுக்காக வைத்த காவலனே அந்த மஞ்சள் விளக்கு. கறுப்புத்தாள் ஒட்டுவோர் இதனை அறிவாராக.

இனி எமது காருக்கு வருவோம். எண் சொன்னது இடத்தை மாத்திரமே. காரணத்தை அது சொல்லவில்லை. ஒரு சிலிண்டர் எரிய மூன்று வேண்டும்: தீப்பொறி, பெற்றோல், காற்றை நெருக்கும் அமுக்கம். இம்மூன்றில் எது இல்லை? எண்ணைப் பார்த்ததும் புதுக் கொயில், புதுப் பிளக், புது இன்ஜெக்டர் என்று கடைக்கு ஓடும் திருத்துநர்களும் உளர். எமது மாணவர் ஓடவில்லை. இக்காலக் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் கொயில் உண்டு. இரண்டாவதன் கொயிலைக் கழற்றி நான்காவதில் வைத்தார். நான்காவதனதை இரண்டாவதில் வைத்தார். பழைய எண்ணை அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். கொயிலிலே பிழையாயின் நோய் கொயிலோடு நான்காவது சிலிண்டருக்குப் போகவேண்டும். பத்து நிமிடத்தில் விளக்கு எரிந்தது. எண் மீண்டும் 0302. கொயில் குற்றமற்றது. செலவு ஒரு சதமும் இல்லை.

அடுத்துப் பிளக்கைக் கழற்றினார். கழற்றியதும் அவர் செய்த காரியம் எமக்கு மிகப் பிடித்திருந்தது. அதனை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்தார். பின்னர் விரலால் தடவிப்பார்த்தார்.

“சேர், இது காய்ஞ்சு கிடக்கு. மணமும் இல்லை. நெருப்பு இல்லாட்டி இது பெற்றோலிலை நனைஞ்செல்லோ இருக்கவேணும்? பெற்றோல் வரேல்லை.”

அவரது நியாயம் இது. தீப்பொறி தவறினால் உள்ளே வந்த பெற்றோல் எரியாமல் நின்று பிளக்கை நனைக்கும். புகைக்குழாயிலும் பச்சைப் பெற்றோல் மணக்கும். காய்ந்த பிளக் வேறு கதை சொல்லுகின்றது. கணினி பற்களை எண்ண வல்லது, அதற்கு மூக்கில்லை. எரியாத பெற்றோல் வெளியே போவதாக அது அஞ்சிக் கண்சிமிட்டியது. உண்மையில் அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோலே போகவில்லை. எமது ஊக்கிப் பெட்டி தப்பியதற்கும் இதுவே காரணம் போலும்.

ஆயினும் பட்டணத்து முதலாளியின் வாக்கையும் சோதித்துவிடவேண்டும் என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெற்றோலையும் தீப்பொறியையும் நிறுத்திவைத்து, அமுக்கமானியை ஒவ்வொரு துவாரத்திலும் மாட்டி எஞ்சினைச் சுழற்றினார். சதுர அங்குலத்துக்கு 176, 172, 178, 174 இறாத்தல். முசலத்தின் வளையங்களோ வால்வுகளோ பழுதுபட்டிருந்தால் இரண்டாவது எண் மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருக்கும். நான்கும் அண்ணன் தம்பிகள்போல ஒத்து நின்றன. நாம் அவ்வெண்களை இருமுறை வாசித்தோம். நான்கு இலட்சம் ரூபா எமது சட்டைப்பைக்குத் திரும்பி வந்தாற்போல இருந்தது.

பிளக்குகளைப் பூட்டி எஞ்சினை மீண்டும் இயக்கினார். நீண்ட ஸ்குறூ டிறைவரின் நுனியை முதலாம் இன்ஜெக்டரின்மேல் வைத்து, பிடியை மகனின் காதோடு சேர்த்தார். “என்ன கேக்குது தம்பி?” “டிக் டிக் எண்டு கேக்குது அண்ணை.” மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே சத்தம். இரண்டாவதிலே மௌனம். இன்ஜெக்டர் திறந்து மூடும் சத்தமே அது. மௌனமாயின் அது திறக்கவில்லை. சரி, இன்ஜெக்டர் பழுதாயிற்று என்று நாம் வாய் எடுக்குமுன் அவர் மின்மானியை எடுத்து அதன் தடையை அளந்தார். நான்குமே 13 ஓமுக்கும் 14 ஓமுக்கும் இடையில். உள்ளே கம்பிச் சுருள் அறவில்லை. அப்படியாயின் பிழை இன்ஜெக்டரிலா, அதற்குக் கட்டளை கொண்டுவரும் வயரிலா? முதலாவதன் செருகியைக் கழற்றி ஒரு சின்ன விளக்கை மாட்டினார். எஞ்சின் ஓட ஓட அது மின்மினிபோல மினுக்கிற்று. இரண்டாவதன் செருகியில் மாட்டினார். இருட்டு. இடக்கையால் வயர்க்கட்டை மெல்ல அசைத்தார். விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது.

“பிடிச்சிட்டம் சேர்!” என்றார். இருபது ஆண்டுக்கு முன், வகுப்பின் கடைசி வாங்கிலே இருந்த அந்தப் பையனின் முகத்தில் இத்தகைய ஒளியை நாம் கண்டதில்லை.

எஞ்சினின் பிற்புறத்திலே, சுருக்குப் பிளாஸ்ரிக் குழாய்க்குள் ஓடிய வயர்க்கட்டை எலி கடித்திருந்தது. இரண்டாஞ் சிலிண்டருக்குரிய வயரிலே செப்பிழைகள் ஒன்றிரண்டே தொட்டும் தொடாமலும் நின்றன. வேகங் கொடுக்கும்போது எஞ்சின் தன் தாங்கிகளில் ஆடும்; ஆடும்போது அவை பிரியும். வல்லைவெளியில் விளக்குச் சிமிட்டிய இரகசியம் அதுவே. மேல்மூடியைக் கழற்றினால் எலியாரின் குடியிருப்பு: தென்னந்தும்பு, உலர்ந்த வேப்பிலை, எமது வீட்டுப் பத்திரிகையின் கிழிசல். மழைக்காலத்தில் வயல்வெளி நனைய, ஓடி நின்ற காரின் வெதுவெதுப்பைத் தேடி அது வந்திருக்கின்றது. சில கார்களில் இன்ஜெக்டர் வயர் அறுந்தாற் கணினி பீ-0202 என்று வேறோர் எண் எழுதும். எமது காருக்கு அந்த ஞானம் இல்லை. இருந்திருந்தால் அரைநாள் மிச்சமாகியிருக்கும்.

ஒரு சாண் வயர், சிறிது ஈயம், சூட்டிலே சுருங்கும் ஓர் உறை. திருத்தவேலை அவ்வளவே. இயக்கியதும் எஞ்சின் ஓடுகின்றதா என்று கேட்கும்படி அமைதியாயிற்று. எண்ணைக் கருவியால் அழிப்பதா என்று கேட்டோம். “வேண்டாம் சேர். திருத்தினது சரியெண்டால் அது தானா அணையும்” என்றார். மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து பிழையின்றி அமைந்தால் விளக்கைக் கணினியே அணைத்துவிடும். மூன்றாம் நாட் காலையிலே அது அணைந்திருந்தது. மார்கழிக் கிளினிக்குக்குத் தாயாரை வல்லைவெளியால் நாமே கொண்டுசென்றோம். அவர் வழியில் உறங்கிவிட்டார். வரி அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் கார் தேறிற்று.

எமது மாணவர் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்தி மூவாயிரம் ரூபா கொடுத்தோம். அதற்குப் பதிலாக அவர் எம்மிடம் ஒன்று கேட்டார். பிழை எண்களின் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றது. தாம் அகராதியும் கையுமாகப் பல இரவு இருந்து கற்றதாகவும், தம்மிடம் தொழில் பழகும் பையன்களுக்கு அது முடியவில்லை என்றும், அதனால் அவர்கள் எண்ணைக் கண்டதும் சாமானை மாற்றவே பார்க்கின்றார்கள் என்றும் கூறி, “தமிழிலை ஒரு சின்னக் கொப்பி எழுதித் தாங்கோ சேர்” என்றார்.

எழுதிக்கொண்டிருக்கின்றோம். அரசகரும மொழித் திணைக்களம் முன்னாளில் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளை நூலகத்தில் எடுத்துப் புரட்டினோம். மிஸ்பயர் என்பதற்கு ‘எரிதவறு’ என எழுதிக்கொண்டுபோய்க் காட்டினோம். பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “நாங்கள் ‘மிஸ் அடிக்குது’ எண்டுதான் சொல்லுறனாங்கள் சேர்” என்றான் இளையவன். கொப்பியில் இரண்டையும் எழுதியிருக்கின்றோம். இதுவரை பதினேழு பக்கம். அடுத்தது பீ-0420, ஊக்கிப் பெட்டி.